பெருந்துறை ரோடு மாடி கோடிங் வகுப்பு: எந்த மொழி என்று கேட்டால் எந்தப் பிள்ளை என்று திருப்பிக் கேட்கிறார்கள்

கம்ப்யூட்டருக்கு நிரல் (ப்ரோகிராம்) எழுதக் கற்றுத்தரும் இந்த வகுப்பில் என் மகளைச் சேர்த்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அண்ணன் பையன் ஆறு மாதமாக வருகிறான். இரண்டு பேருக்கும் வேறு வேறு வயது, வேறு வேறு தேவை, நிரல் எழுதும் மொழியும் வேறு வேறு. அதனால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு ஸ்டார். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்று கீழே சொல்லியிருக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன்னால் வேறு ஒரு சென்டரில் மூன்று மாதம் பணம் கட்டினோம். பெயர் வேண்டாம். அப்போது மகள் எட்டாம் வகுப்பு. போன முதல் நாளே அங்கே இருந்தவர் ஒரு அட்டையை நீட்டினார், ஜாவா, பைத்தான், சி என்ற மூன்று நிரல் மொழியும் சேர்த்து ஒரே பேக்கேஜ், எதில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், ஆனால் ஜாவா படித்தால்தான் கம்பெனியில் மதிப்பு என்றார். பதிமூன்று வயசுப் பிள்ளைக்குக் கம்பெனி மதிப்பு எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஜாவாவில் சேர்த்துவிட்டேன். "வணக்கம்" என்று ஒரே ஒரு வரி திரையில் வரவைக்க அவள் முதலில் ஒரு கிளாஸ் எழுத வேண்டும், அதற்குள் பப்ளிக், ஸ்டேட்டிக், வாய்ட், மெயின், ஸ்ட்ரிங், ஆர்க்ஸ் என்று வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: "அது அப்புறம் புரியும், இப்போதைக்கு அப்படியே எழுதிக்க." இரண்டாவது மாதம் கேட்பதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது மாதம் வயிற்று வலி என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ஜாவாவைக் குறை சொல்லவில்லை. 1995இல் வந்த மொழி, இன்றைக்கும் வங்கியிலிருந்து பெரிய கம்பெனி வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் மொழியாக அதை வைத்ததுதான் தப்பு.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி இங்கே வந்தோம். மளிகைக் கடைக்கு மேலே முதல் மாடி, எட்டு கம்ப்யூட்டர், ஒரு வெள்ளைப் பலகை, ஜன்னல் ஓரம் ஒரு மண்பானை. நடத்துகிற மேடம் பாலிடெக்னிக்கில் பல வருடம் பாடம் எடுத்தவர். நான் போனதும் கேட்டது, "ஏனுங்க மேடம், இங்க பைத்தான் சொல்லித் தருவீங்களா, ஜாவாவா?" அவர் பதில் சொல்லவில்லை. "பாப்பா எத்தனாவது படிக்கறாங்க? வீட்டுல கம்ப்யூட்டர் இருக்குதுங்களா, செல்லு மட்டும்தானா? கணக்குல தப்பு வந்தா என்ன பண்ணுவாங்க, அழிச்சுட்டு மறுபடியும் போடுவாங்களா, இல்ல நோட்ட மூடி வெச்சுருவாங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. மூடி வைத்துவிடுவாள் என்றேன். "சரிங்க, அப்ப அவ தப்பு பண்ணறதுக்கு வசதியான மொழியில ஆரம்பிக்கலாம்" என்றார்.

இந்த வகுப்பைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முக்கால்வாசி இதுதான். முதல் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் எதற்கு வேலை கிடைக்கும், எது புதுசு, எது வேகம் என்று பார்க்கிறோம். பிள்ளை ஒரு தப்புச் செய்தால் அந்த மொழி அதனிடம் என்ன சொல்லும், அதைப் படித்துப் பார்த்து யாரையும் கூப்பிடாமல் பிள்ளையே சரிசெய்துகொள்ள முடியுமா என்று இவர்கள் பார்க்கிறார்கள். கற்றுக்கொள்கிற முதல் ஆறு மாதமும் தப்புச் செய்வதுதானே வேலை.

மகளுக்கு முதல் நான்கு வாரம் ஸ்கிராட்ச். 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து வந்தது, கட்டம் கட்டமாக இழுத்துப் பொருத்தினால் போதும், பொருந்தாத கட்டம் ஒட்டாது, அதனால் எழுத்துப் பிழை என்ற பேச்சே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் போகிற பிள்ளைக்கு இது குழந்தை விளையாட்டாக இருக்குமே என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, மகளும் முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் அதில் வரும் பூனையை வைத்து ஒரு கபடி விளையாட்டுச் செய்துவிட்டாள். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்றால் என்ன, இஃப் (இப்படி இருந்தால் இதைச் செய் என்பது) என்றால் என்ன என்று மனசுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நான்கு வாரம் சரியான அளவு. அதற்கு மேல் போயிருந்தால் சலித்திருப்பாள்.

அடுத்து பைத்தானில் இருக்கும் டர்ட்டில், அதாவது ஆமை. திரையில் ஓர் அம்புக்குறியை முன்னே போ, திரும்பு என்று சொல்லிக் கோடு போடவைப்பது. இது பைத்தான் கண்டுபிடித்தது இல்லை, 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் குழந்தைகளுக்காகவே உருவாக்கிய லோகோ என்ற மொழியின் ஆமைதான் இது என்று மேடம் சொன்னார். அவர் வகுப்பில் இப்படிப் பழைய கதை நிறைய வரும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் இதையே பேசினார். 1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியைச் செய்தது, அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பதற்காக. 1970இல் நிக்லாஸ் விர்த் பாஸ்கலைக் கொண்டுவந்ததும் பாடம் நடத்துவதை மனசில் வைத்துத்தான். சி மொழி அப்படியில்லை, பெல் லேபில் டென்னிஸ் ரிச்சி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுவதற்காகச் செய்த கருவி, வேலை தெரிந்தவன் கைக்கு என்றே செய்தது. பைத்தானை 1991இல் வெளியிட்ட கிடோ வான் ரோசம் அதற்கு முன்னால் ஏபிசி என்ற, புதிதாகக் கற்பவர்களுக்கான மொழியில் வேலை பார்த்தவர், அந்த வாசனை பைத்தானில் இருக்கிறது. "எதுக்காகப் பண்ணுன சாமான்னு தெரிஞ்சுட்டா யாருக்குக் குடுக்கலாம்னு தெரிஞ்சுருமுங்க" என்றார். எங்கள் ஊரில் களை வெட்டுகிற கொத்தையும் மண் வாருகிற மண்வெட்டியையும் யாரும் மாற்றிக் கொடுக்கமாட்டார்கள், அந்த மாதிரி எனக்கு உடனே புரிந்தது.

இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பைத்தான் எழுத வைத்திருக்கும் மென்பொருள் தானி. எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். நிரலை ஒவ்வோர் அடியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம், எந்தப் பெயருக்குள் இப்போது என்ன எண் இருக்கிறது என்று பக்கத்தில் பெட்டி போட்டுக் காட்டும். மகள் முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மூட்டை, விலை, மொத்தம் என்று மூன்று பெயர், மூன்றும் தமிழிலேயே எழுதியிருந்தாள். பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைக்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஓர் இடத்தில் விலை என்பதை விலா என்று அடித்துவிட்டாள். சிவப்பு எழுத்தில் வந்தது: நேம் எரர், இந்த வரியில் விலா என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை, நீ சொல்ல வந்தது விலையா என்று. ஆங்கிலத்தில்தான் வந்தது, ஆனால் ஏழெட்டு வார்த்தை, அதில் அவள் எழுதிய தமிழ்ப் பெயர் அப்படியே நிற்கிறது. இந்த "இதுவா சொல்ல வந்தாய்" வசதி 2021இல் வந்த பைத்தான் 3.10 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. பழைய பைத்தான் போட்டு வைத்திருக்கும் இடங்களில் இது வராது, சேர்ப்பதற்கு முன்னால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். மகள் சிவப்பு எழுத்தை ஒரு தடவை படித்தாள், அவளே திருத்தினாள், ஓட்டினாள். நோட்டை மூடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

எனக்கு ஏன் அவ்வளவு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நானும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், 2003இலிருந்து 2006 வரை. கல்லூரி பெயர் வேண்டாம். அப்போது எங்களுக்கு டர்போ சி, சி மொழியில் எழுதுகிற பழைய மென்பொருள். நீலத் திரை, கிளியர்ஸ்கிரீன், கெட்ச். எங்கள் அப்பா மஞ்சள் போடுகிறவர், அந்த வருடம் பதினாறு குவிண்டால், குவிண்டாலுக்கு 2500 ரூபாய். லேபில் ஆசையாக அந்தக் கணக்கைப் போட்டேன். 40000 வர வேண்டும். திரையில் மைனஸ் 25536 என்று வந்தது. மூன்று தடவை அடித்துப் பார்த்தேன், அதேதான். பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை, எல்லாம் சரியாக இருப்பது மாதிரி தப்பான விடையைக் கொடுத்தது. லேப் சாரிடம் காட்டினேன், இது சிலபஸில் இல்லை, ரெக்கார்டை முடி என்றார். அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது, எனக்கு இது வராது என்பதுதான். படித்து முடித்து டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குப் போய்விட்டேன். இப்போது சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன்.

இந்த மேடத்திடம் ஒரு சனிக்கிழமை, மகள் வகுப்பு முடியக் காத்திருந்தபோது, பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். உடனே பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். டர்போ சி-யில் ஒரு முழு எண்ணுக்குப் பதினாறு பிட்தான் (0 அல்லது 1 வைக்கும் பதினாறு இடம்), அதில் மொத்தம் 65536 எண்தான் அடங்கும், பாதி மைனஸ் பக்கம் போய்விடும், அதனால் 32767 வரைக்கும்தான் ஏற முடியும். அதற்கு அடுத்த வீடு மைனஸ் 32768, வட்டத்தில் சுற்றி வந்துவிடும். 40000க்குப் போக இன்னும் எவ்வளவு மிச்சம் என்று என்னையே எண்ணச் சொன்னார். 32768இலிருந்து 7232. மைனஸ் 32768இலிருந்து 7232 முன்னே வந்தால் மைனஸ் 25536. "நீங்க தப்பே பண்ணலீங்க. அது சின்னப் பாத்திரம், வழிஞ்சுருச்சு" என்றார். பாத்திரத்தை லாங் என்ற பெரிய வகைக்கு மாற்றியிருந்தால் அன்றைக்கே 40000 வந்திருக்கும். இருபது வருடம் கழித்து எனக்கு விடை கிடைத்தது.

இதை வைத்து, அப்படியானால் சி கெட்ட மொழியா என்று கேட்டால், இல்லை. இந்த வட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் சி-தான் வேண்டும். பைத்தானில் முழு எண் எவ்வளவு பெரிதானாலும் தானே இடம் எடுத்துக்கொள்ளும், வழியவே வழியாது, பள்ளிப் பிள்ளைக்கு அது வரம். கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறவனுக்குப் பாத்திரத்தின் அளவு தெரியாமல் இருக்கக் கூடாது. அண்ணன் பையன் கதை அதுதான். அவன் பத்தாவது வரை ஒழுங்காகப் படித்தான், பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தான். நம் மாநிலப் பாடத்திட்டத்தில், 2018இல் மாற்றியதிலிருந்து, பதினொன்றில் சி-யிலிருந்து வளர்ந்த சி++, பன்னிரண்டில் பைத்தான். கல்லூரிக்குப் போனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் எல்லாப் பிரிவுக்கும் மறுபடி பைத்தான், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இரண்டாவது செமஸ்டரில் சி. ஆக ஒரு பையன் கஷ்டமானதில் ஆரம்பித்து, சுலபமானதுக்கு வந்து, அதையே இன்னொரு தடவை படித்து, மறுபடி கஷ்டத்துக்குப் போகிறான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம் இருக்கலாம், ஆனால் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு யாரும் இந்த வரிசையை விளக்குவதில்லை. பயாலஜி குரூப்பில் வந்தவன் பைத்தானையே கல்லூரியில்தான் முதலில் பார்க்கிறான். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் வரிசை வேறு மாதிரியும் இருக்கும்.

கல்லூரியில் அவன் சி-யில் மாட்டியது ஸ்கேன்எஃப்பில், அடிக்கிற எண்ணை நிரலுக்குள் வாங்கும் கட்டளை அது. பெயருக்கு முன்னால் ஆம்பர்சண்ட் (&) குறி போட மறந்தான். நிரல் கம்பைல் ஆனது (கம்ப்யூட்டருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாறியது), ஓடியது, எண் கொடுத்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. எந்த வரி, ஏன், ஒன்றும் இல்லை. விடுதியில் இருந்து ராத்திரி பத்தரைக்குப் போன் போட்டு, "அத்தை, நான் டிபார்ட்மென்ட் மாத்திக்கறேன்" என்றான். அடுத்த சனிக்கிழமையே கையோடு கூட்டிவந்து இங்கே உட்கார வைத்தேன். மேடம் செய்தது சின்ன விஷயம். ஜிசிசி கம்பைலரில் எல்லா எச்சரிக்கையையும் காட்டு என்று ஒரு சொல் சேர்க்கவைத்தார். அதே நிரலுக்கு இப்போது இந்த வரியில் இந்த இடத்தில் முகவரி வேண்டும், நீ எண்ணைக் கொடுத்திருக்கிறாய் என்று எச்சரிக்கை வந்தது. அப்புறம் ஆம்பர்சண்ட் என்றால் வீட்டு விலாசம், பெயர் மட்டும் எழுதினால் வீட்டுக்குள் இருக்கும் சாமான், கொரியர்காரனிடம் சாமானைக் காட்டினால் எங்கே கொண்டுவந்து போடுவான் என்றார். பையன் சிரித்துவிட்டான். இந்த விலாசத்தை வைத்து வேலை செய்யும் பாயின்டர் மேல் இருந்த பயம் அந்த வாரமே பாதி போய்விட்டது.

ஆக, இவர்களிடம் எல்லோருக்கும் ஒரே மொழி என்ற கொள்கை இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு ஸ்கிராட்ச், பைத்தான். பதினொன்று படிக்கிறவர்களுக்குப் புத்தகத்தில் இருக்கும் சி++, ஆனால் இப்போதைய கம்பைலரில், நீலத் திரையில் இல்லை. கல்லூரிப் பிள்ளைக்குப் பைத்தானில் கால் ஊன்றியபிறகு சி. எம்.ஐ.டி.யே பல வருடம் ஸ்கீம் மொழியில் நடத்திவந்த முதல் பாடத்தைப் பைத்தானுக்கு மாற்றியது, மொழியை மாற்றுவது கௌரவக் குறைச்சல் இல்லை என்று மேடம் சொல்வார். ஒரே நிபந்தனை, எடுத்த மொழியை ஆறு மாதத்துக்கு மாற்ற விடமாட்டார். இரண்டு பெற்றோர் நடுவில் வந்து ஜாவாவுக்கு மாற்றச் சொன்னார்கள், முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்தது.

சரி, குறைகள். முதலாவது, கையில் கொடுக்கும் தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில். பேச்சு முழுக்கத் தமிழ், தாள் மட்டும் ஆங்கிலம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள், வீட்டுக்குப் போனபிறகு அவர்களுக்கு அந்தத் தாளால் பிரயோஜனம் இல்லை. ஸ்டார் குறைத்தது முக்கியமாக இதற்குத்தான். தமிழிலேயே கட்டளை எழுதும் எழில் என்ற மொழியை ஒரே ஒரு மணி நேரம் காட்டினார்கள். பிரிண்ட் என்பதற்குப் பதில் பதிப்பி என்று எழுதுவது. அந்த நான்கு பிள்ளைகள் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி வேறு என்றைக்கும் நான் பார்த்ததில்லை. ஒரு மாதமாவது அதில் ஆரம்பித்துவிட்டுப் பிறகு பைத்தானுக்கு வரலாமே என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

இரண்டாவது, எட்டு கம்ப்யூட்டருக்குச் சனிக்கிழமை மாலை பன்னிரண்டு பேர். இரண்டு பேர் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் ஒருத்தர் அடிக்கிறார், இன்னொருத்தர் பார்க்கிறார், எப்போதும் அதே ஆள்தான் அடிக்கிறார். என் மகள் ஆரம்பத்தில் பார்க்கிற ஆளாகத்தான் இருந்தாள். சொன்னபிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாறச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் குறைவு, முடிந்தால் அதில் சேருங்கள்.

மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு மதிப்பெண் கேள்வி மனப்பாடம் செய்யவைக்கும் இடம் இது இல்லை. அதை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். சாட்ஜிபிடியைத் தடை செய்யவில்லை, ஆனால் அதிலிருந்து எடுத்த வரியை ஒவ்வொன்றாகப் பலகையில் நின்று விளக்க வேண்டும், முடியாவிட்டால் அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும்.

கட்டணம் மாதம் 1200, கல்லூரி பேட்ச் 1500. முன்னால் போன இடத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து 9000 கட்டியிருந்தேன். வண்டி நிறுத்த இடம் கஷ்டம், எதிரில் பேக்கரி ஓரம் நிறுத்திக்கொள்ளலாம். படி செங்குத்து, வயசானவர்களைக் கூட்டிவர வேண்டாம். கரண்ட் போனால் யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தாளில் நிரல் எழுதவைக்கிறார்கள்.

மகள் இப்போது பத்தாம் வகுப்பு. அப்பச்சிக்காக ஒரு மஞ்சள் கணக்கு நிரல் எழுதியிருக்கிறாள். மஞ்சளில் விரலி வகைக்கு ஒரு விலை, கிழங்கு வகைக்கு ஒரு விலை, எடை போட்டால் மொத்தம் வந்து, அதில் லாரி வாடகை, இறக்கு கூலி, தரகு எல்லாம் கழித்துக் கைக்கு எவ்வளவு என்று சொல்லும். போன மாதம் நோம்பிக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பை எடுத்துப்போய் அந்த அப்பச்சியிடம், அதாவது என் அப்பாவிடம், கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி "வெரலி" என்று அடித்தார். வாயில் வருகிற மாதிரிதானே அடிப்பார். அப்படி ஒரு வகை இல்லை என்று நிரல் சொல்லிவிட்டது. "என்ன சாமி, நம்ம மஞ்சள இதுக்குத் தெரியலியா?" என்றார். மகள் லேப்டாப்பை வாங்கித் திண்ணையிலேயே உட்கார்ந்தாள், கால் மணி நேரம். திரும்பக் கொடுத்தபோது விரலிக்கு 1, கிழங்குக்கு 2 என்று கேட்டது. அப்பா 1 அழுத்தினார்.